பச்சை வண்டிக்கு இரண்டு விலை

எங்கள் தெருவில் அவரைத் துரை என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்காக இல்லை. எதிரில் "வாங்க துரை" என்பார்கள், அந்தப் பக்கம் போனதும் சிரிப்பார்கள். தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, வேகவைத்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவார். கை சுத்தமான வேலைக்காரர், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் தன் தயவில்தான் மென்று சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்பு மனிதருக்கு இருந்தது. யார் பேச வந்தாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "மேல் வரிசை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், கீழ் வரிசை சந்தேகம்தான்" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

துரை என்ற பேர் வந்தது அவருடைய வண்டியால். கரும்பச்சை நிறத்தில், தரையை ஒட்டிப் படுத்தாற்போல, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மேலே கித்தான் கூரை. அதை மடித்துவிட்டால் திறந்த வண்டி. நீளமான மூக்கு, உருண்டை விளக்குகள், மர ஸ்டியரிங். நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எனக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் பிரீமியம்தான் ஞாபகம் வரும். அப்படிப்பட்ட நானே அந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போது சைக்கிளை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அழகென்றால் அழகு. அதை ஓட்டிக்கொண்டு வந்தவரைப் பார்க்கத்தான் வயிறு எரியும்.

வண்டி முதலில் ஒரு வயதான பல் டாக்டருடையது. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் இறந்ததும் சொந்தக்காரர்கள் வந்து வீட்டைக் காலி செய்தார்கள். அவர்களுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. துரைக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் வண்டியைச் சுற்றி வந்து, "என்ஜின் இறுகிப் போச்சு, சேஸிஸ்ல துரு, எடுத்துப் போடவே ஆள் கூலி குடுக்கணும்" என்று தலையை ஆட்டினார். அவர்களும் நம்பி அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாளே அதே என்ஜின் மெக்கானிக்கின் கை பட்டு உறுமியது. இந்தக் கதையை அவரே தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஒரு மனிதன் தன் திருட்டைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டில் மூன்று பேர். துரை, அவர் மனைவி, ஒரே மகள். வண்டியில் சீட் இரண்டு. இந்தக் கணக்கு எந்தக் குழந்தைக்கும் புரியும். கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் துரையும் மகளும் வண்டியில் போவார்கள், மனைவி பஸ்ஸில் போவார். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள், "அம்மா உட்காரட்டும், நான் பஸ்ல வரேன்" என்றாளாம். அதற்குத் துரை, "உங்கம்மா சீட்ல உட்கார்ந்தா புடவையில இருக்கற பிளாஸ்டர் தூள் எல்லாம் சீட்டுத் தோல்ல ஒட்டும்" என்றார். அந்தத் தூள் அந்தம்மா மேல் எப்படி வந்தது? துரை செய்கிற பல்செட்டையெல்லாம் அந்தம்மாதான் சாயங்காலம் முழுக்கத் தேய்த்துக் கொடுத்தார். சம்பளம் கிடையாது. காலையில் மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்கும் போய்வந்தார். அந்தச் சம்பளத்தைத் துரை மாதம் பிறந்ததும் வாங்கிக்கொள்வார்.

நான் அந்தம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போட்டவன் நான்தான். அதனால் அதற்கு இரண்டு விலை இருந்தது என்பது முதலில் தெரிந்தவனும் நான்தான். சாதாரண வண்டிக்கு வருடத்துக்கு வருடம் விலை இறங்கும், கம்பெனியிடம் அதற்கு அட்டவணை இருக்கும். இந்த மாதிரி அபூர்வமான பழைய வண்டிக்கு அட்டவணை கிடையாது, விலை ஏறிக்கொண்டுதான் போகும். அதனால் சொந்தக்காரரும் கம்பெனியும் முன்கூட்டியே ஒரு தொகையைப் பேசி முடித்துக்கொள்வார்கள். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று அதற்குப் பேர். நாளைக்கு வண்டிக்கு ஏதாவது ஆனால் அந்தத் தொகைதான். அதற்கு மேலே அழுதாலும் கிடைக்காது.

இன்ஷூரன்ஸ் பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு போடலாம் சார்?" என்று கேட்டேன்.

"பழைய வண்டிதானே தம்பி. ஒரு நல்ல ஸ்கூட்டர் விலை போடுங்க, போதும்."

"நேத்துத்தானே சார், இந்த வண்டியை வித்தா மூணு வீடு வாங்கலாம்னு சொல்லிட்டு இருந்தீங்க?"

"அது ஊருக்கு. இது பிரீமியத்துக்கு."

"பழைய வண்டி மதிப்பீடு பண்றவர் ஒருத்தர் இருக்கார். கூட்டிட்டு வரேன். அவர் பாத்து ஒரு தொகை எழுதிக் குடுத்தா கம்பெனி அப்படியே ஒத்துக்கும்."

"அவருக்கு ஃபீஸ் யார் குடுக்கறது?"

"நீங்கதான்."

"என் வண்டி என்ன பெறும்னு எனக்கே சொல்றதுக்கு அவனுக்கு நான் காசு குடுக்கணுமா? யாருக்குக் காது குத்தறீங்க?"

ஸ்கூட்டர் விலையே எழுதப்பட்டது. குறைத்துச் சொன்னால் கம்பெனி ஏன் தகராறு செய்யப் போகிறது? சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப் போகும்போது "ஏத்தலாமா சார்" என்று கேட்பேன். "எதுக்கு?" என்பார். அன்று சாயங்காலமே தெருமுனையில் நின்று யாரிடமாவது, போன வாரம் ஒரு பணக்காரர் வண்டியைக் கேட்டு வந்ததாகவும் தான் வாசலோடு திருப்பி அனுப்பியதாகவும் அளந்துகொண்டிருப்பார். வடிகட்டின கஞ்சர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே பொருளுக்கு ஒரே நாளில் இரண்டு விலை சொல்லி இரண்டையும் நம்புகிறவரை இவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

அக்காவின் அம்மா வேறு ஊரில் தனியாக இருந்தார். ஒரு மழைநாளில் அங்கேயிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வரவேண்டும் என்றார்கள். அக்கா துரையிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு தடவைகூட அவர் அந்த வண்டியைக் கேட்டதில்லை. துரை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

"மழைல எடுத்தா கூரை ஒழுகும். சீட் நனைஞ்சா போச்சு."

"அம்மா பொழைக்க மாட்டாங்க போலிருக்கு."

"அதுவும் இல்லாம இன்ஷூரன்ஸ்ல மழைல ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. நடுவழியில ஏதாவது ஆனா ஒரு பைசா தர மாட்டான். பஸ் இருக்குல்ல, போயிட்டு வா."

அக்கா பஸ்ஸில் போனார். வழியில் பாலத்தின் மேல் தண்ணீர் போனதால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சில வாரம் கழித்து அக்கா மருந்துக் கடையிலிருந்து நேராக என் ஆபீசுக்கு வந்தார். உட்காரவில்லை. "தம்பி, அந்த வண்டி பாலிசில மழைல ஓட்டக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "அப்படி ஒரு விதி எந்தப் பாலிசிலயும் கிடையாதுக்கா. யார் சொன்னது?"

அவர் சொன்னார். முழுவதையும் சொன்னார், அழாமல் சொன்னார். என் தொழிலின் பேரைச் சொல்லி ஒருவன் ஒரு மகளை அவள் அம்மாவின் முகம் பார்க்கவிடாமல் செய்திருக்கிறான் என்ற ஆத்திரம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. சொல்லி முடித்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு சேமிப்புப் பாலிசி போடுங்க" என்றார். மருந்துக் கடையில் வருடத்துக்கு ஒரு தடவை போனஸ் கொடுப்பார்கள், அது துரைக்குத் தெரியாது, அதைக் கட்டிவிடலாம் என்றார்.

"எதுக்குக்கா? பொண்ணு கல்யாணத்துக்கா?"

"எதுக்குன்னு இன்னும் தெரியல."

மகளின் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை அவர் தொடவில்லை. மகள் உள்ளூரிலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிக் குடிபோனாள். பாலிசி முதிர்ந்தபோது பணத்தை வங்கியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

வண்டி மோதிய கதைக்கு வருகிறேன். பல் டாக்டர்கள் சங்கம் ஆண்டுக்கு ஒரு தடவை மேட்டின் மேலிருக்கும் ஒரு மண்டபத்தில் விருந்து வைக்கும். வண்டிகளை மண்டபத்துக்குப் பின்னால் சமதரையில் நிறுத்த வேண்டும். அங்கே நிறுத்தினால் யார் பார்ப்பார்கள்? துரை வாசல் படிக்கு நேர் எதிரே, சரிவில் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக் கம்பி தளர்ந்துபோயிருக்கிறது என்று மெக்கானிக் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சின்ன லாரியின் கம்பி ஒன்று அளவாகப் பொருந்தும், மாட்டித் தருகிறேன் என்றும் சொன்னான். "லாரி சாமானை என் வண்டியில வைக்கவா? ஒரிஜினல் போயிடும்" என்று துரை சண்டைக்குப் போனார். விருந்தில் இரண்டாம் தடவை பரிமாறும்போது வெளியே சத்தம் கேட்டது. துரை கழுத்தில் கட்டிய துண்டோடு ஓடினார். வண்டி யாரும் இல்லாமல் சரிவில் இறங்கிப் போய்க் கீழே வாசல் தூணில் மூக்கைக் கொடுத்து நின்றிருந்தது. பானெட் மடங்கியிருந்தது, ரேடியேட்டர் ஒழுகியது, ஒரு விளக்கு தெறித்துப் போயிருந்தது. யாருக்கும் அடி இல்லை.

சேதத்தைக் கணக்கெடுக்கக் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தாள். சின்ன வயதுப் பெண், அலட்டல் இல்லாதவள். ஒவ்வொரு பாகமாகப் படம் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தயாரித்த நாட்டுக்கு எழுதி விலை வரவழைத்தாள். புது பானெட்டுக்கு மட்டும் வந்த விலையே பாலிசியில் இருந்த தொகையைத் தாண்டிவிட்டது. மற்றதையெல்லாம் கூட்டினால் நாலு மடங்கு. இப்படி ஆனால் கம்பெனி ரிப்பேர் செய்யாது. டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம் என்று கணக்கை முடித்துவிடும். ஓடுகிற என்ஜின், துரு இல்லாத சேஸிஸ், கிழியாத சீட், எல்லாம் இருந்தும் காகிதத்தில் அந்த வண்டி செத்துப் போனது. ஸ்கூட்டர் விலை வண்டிக்கு அவ்வளவுதான் ஆயுள்.

இதை அவர் வீட்டில் உட்கார்ந்து நான் விளக்கியபோது துரையின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. அதனால் பொறுமையாகச் சொன்னேன்.

"ரெண்டு வழி இருக்கு சார். உடைஞ்ச வண்டிக்குக் கம்பெனி ஒரு விலை போடும். அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தருவாங்க, வண்டியை நீங்களே வச்சுக்கலாம். இல்லன்னா முழுத் தொகையும் வாங்கிக்கிட்டு வண்டியை எழுதிக் குடுத்துடணும். அவங்க அதை டெண்டர்ல விப்பாங்க. சார், முதல் வழிதான் நல்லது. கண்ணை மூடிக்கிட்டு அதை எடுத்துக்கங்க."

துரை விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "டெண்டர் யார் போடலாம்?" என்று கேட்டார்.

"யாரு வேணா போடலாம்."

"நானும் போடலாமா?"

"போடலாம். ஆனா..."

"முழுத் தொகையே வாங்கிக் குடுங்க. வண்டியும் எங்கேயும் போகாது. வேடிக்கை பாருங்க."

உள்ளே தேய்ப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அப்போது நின்றிருந்ததை நான் கவனித்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு துரை செய்ததுதான் வேடிக்கை. பழைய வண்டி சேர்க்கிறவர்கள் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். விலை மதிப்பில்லாத வண்டி என்று வருடக்கணக்காகத் தொண்டை வற்றப் பேசிய வாயாலேயே, "சேஸிஸ் வளைஞ்சு போச்சுங்க, என்ஜின் பிளாக்ல விரிசல், இனிமே அது காயலான் கடைச் சாமான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாராம். டாக்டர் வீட்டுச் சொந்தக்காரர்களிடம் பலித்த வித்தை இங்கேயும் பலித்தது. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பொய்யாகக் கெட்டது சொல்லும் அப்பன் உண்டா என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் டெண்டர் போடவில்லை.

டெண்டர் பிரிக்கும் அன்று கம்பெனி குடோனில் நானும் இருந்தேன். துரை மொடமொடவென்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி முதல் கவரைப் பிரித்தார், காயலான் கடைக்காரர் எடைக்குப் போட்டிருந்தார். இரண்டாவது துரையுடையது, அதற்குக் கொஞ்சம் மேலே. துரை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்றாவதாக ஒரு கவர் இருந்தது. துரை எழுதியதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தொகை. அதிகாரி பேரைப் படித்தார், விலாசத்தைப் படித்தார், பிறகு தலையைத் தூக்கி, "உங்க வீட்டு விலாசம்தானே சார் இது?" என்றார்.

துரை அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மனைவியின் கையெழுத்து. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார், சிரிக்கும்போதே கண் கலங்கியது.

"பாத்தீங்களா தம்பி? எனக்காகப் போட்டிருக்கா. நான் கோட்டை விட்டுடுவேனோன்னு பயந்து போட்டிருக்கா. இவகிட்ட இவ்வளவு பணம் எப்படி வந்தது? வந்துட்டுப் போகட்டும், கேக்க மாட்டேன்."

அந்த மனிதர் வேஷம் இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போய் அக்காவுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாராம். தெருவில் பார்த்தவரிடமெல்லாம், "பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்" என்று சொன்னார். மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மாவை நான் புரிஞ்சுக்கவே இல்லம்மா" என்று அழுதார். புரிந்துகொள்ளவில்லை என்பது உண்மைதான்.

பிறகு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன், அந்தத் தொகையை அவ்வளவு கணக்காக எப்படிப் போட்டீர்கள் என்று. "பழைய இரும்பு விலைக்கு மேல அவருக்குக் கை நீளாது. அது எவ்வளவுன்னு கடையில கேட்டேன். ரெண்டால பெருக்கினேன்" என்றார். வண்டியை மதிப்பிட ஆள் தேட வேண்டியிருந்தது. துரையை மதிப்பிட அந்த வீட்டிலேயே ஆள் இருந்தது.

வண்டியைச் சரிசெய்ய வெளிநாட்டிலிருந்து எதுவும் வரவில்லை. மெக்கானிக் பானெட்டைக் கழற்றி, மரச் சுத்தியலால் நாள் கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தினான். ரேடியேட்டரைப் பற்றவைத்தான். விளக்கு ஒன்று எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்தான். ஹேண்ட்பிரேக்குக்கு லாரிக் கம்பி மாட்டினான். துரை தினமும் பட்டறையில் போய் நின்று அதைச் செய் இதைச் செய் என்று உத்தரவு போட்டார். "அக்காவைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று மெக்கானிக் சொல்லும்போதெல்லாம் துரை அதை நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டார்.

வண்டி வீடு திரும்பியதும் அக்கா எனக்குச் சொல்லியனுப்பினார். பாலிசி போட வேண்டும், இந்தத் தடவை மதிப்பீட்டாளரோடு வாருங்கள், ஃபீஸ் எவ்வளவானாலும் சரி என்றார். மதிப்பீட்டாளர் வயதானவர். தரையில் பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஒத்துப் பார்த்தார், இரண்டும் வண்டி பிறந்தபோது இருந்த ஜோடிதான். பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து தொகையைச் சொன்னார்.

மூன்று வீடு என்று துரை சொல்லிக்கொண்டிருந்தது பொய் இல்லை. பானெட்டில் தட்டின இடத்துக்குக் கழித்த பிறகும் மூன்று வீடு வாங்கலாம். துரைக்கு நிலைகொள்ளவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எத்தனை வருஷமா சொல்றேன்? ஒருத்தனாவது நம்பினீங்களா?" என்றார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பிறந்தநாள் கொண்டாடுகிற குழந்தை மாதிரி இருந்தது.

நான் பாரத்தை நிரப்பினேன். சொந்தக்காரர் பேர், அக்கா. மதிப்பு, எழுதியாகிவிட்டது. இந்த வகைப் பாலிசியில் யார் யார் ஓட்டுவார்கள் என்று பேரோடு எழுத வேண்டும். பேர் இல்லாதவர் ஓட்டினால் பாலிசி செல்லாது. அதைக் கேட்டேன்.

"நானும் என் பொண்ணும்" என்றார் அக்கா.

"நீ எப்ப ஓட்டக் கத்துக்கிட்டே?" என்று துரை சிரித்தார்.

"நீங்க டெண்டருக்காக வீடு வீடா அலைஞ்சுட்டு இருந்தப்ப. லைசென்ஸ் வந்தாச்சு."

"சரிதான், பெரிய ஆளுதான். அப்புறம் என் பேரை எழுதுங்க தம்பி."

"வேண்டாம்" என்றார் அக்கா.

துரை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா என்னிடம் திரும்பினார். "வண்டியை மோதவிட்டு டோட்டல் லாஸ் ஆக்கின ஆளு. அவர் பேரைச் சேத்தா கூடுதல் பிரீமியம் கேப்பாங்க, இல்ல தம்பி?"

பொய் சொல்ல எனக்கு வழி இல்லை. "கேப்பாங்கக்கா. கொஞ்சந்தான்."

"அப்ப வேண்டாம்."

"விளையாடாதே" என்றார் துரை. அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மதிப்பீட்டாளர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார். துரையின் வாய் திறந்தபடியே இருந்தது. வேறு யாருடைய வாயாக இருந்தாலும் அவர் அதில் ஒரு குறை கண்டுபிடித்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் கூரையை மடித்துவிட்டு வண்டியில் கிளம்பினார்கள். சாவி அக்காவின் கைப்பையை விட்டு இறங்கவே இல்லை. ஒருநாள் அக்காவே துரையைக் கூப்பிட்டு, வேண்டுமானால் பக்கத்து சீட்டில் உட்காருங்கள் என்றாராம். ஓட்டுகிற சீட் இல்லாவிட்டால் எந்தச் சீட்டும் வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா கூப்பிடவில்லை.

பாலிசியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வருடா வருடம் பாரத்தில், ஓட்டுகிறவர் பட்டியலில் மாற்றம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். அதைக் கேட்க நான் நேரில் போவேன். புதுப்பிக்கிற மாதம் நெருங்கினால் துரை நல்ல மனிதராகிவிடுவார். பாத்திரம் கழுவுவார், அக்கா இருமினால் வெந்நீர் வைத்துக் கொடுப்பார், தேய்ப்பு வேலையைத் தானே செய்துகொள்வார். நான் போகிற அன்று முகச் சவரம் செய்து, சட்டை இஸ்திரி போட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் கேள்வியைக் கேட்பேன். அக்கா, "மாத்தம் இல்ல" என்பார். துரை எழுந்து உள்ளே போய்விடுவார். அப்புறம் அடுத்த வருடம் அந்த மாதம் வரும்வரை யாரோடும் பேச மாட்டார்.

முதல் வருடம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். பிறகு அந்த வீட்டுக்குப் போகிற நாள் வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காமல் போக ஆரம்பித்தது. தபாலில் பாரம் அனுப்பட்டுமா என்று அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "நீங்க நேர்ல வந்து கேளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்த வருடம் துரைக்குக் கை நடுக்கம் வந்து, பல் அடுக்குவதை நிறுத்தியிருந்தார். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டை. சவரம் தானே செய்துகொண்டிருக்கிறார், தாடையில் இரண்டு இடத்தில் கீறல். நான் சமையலறைக்குள் போய் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அவரால இனிமே ஓட்ட முடியாதுக்கா. பேரை மட்டும் எழுதிக்கறேன். கூடுதல் பிரீமியத்தை நான் கட்டிடறேன். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு போதும்."

அக்கா அடுப்பை அணைத்தார்.

"உங்களுக்குப் பாவமா இருக்கு. எனக்கும் பாவமாத்தான் இருக்கு தம்பி. இருந்துட்டுப் போகட்டும். மாத்தம் இல்லன்னு எழுதுங்க."

முன்னறைக்கு வந்து நான் எழுதினேன். துரை அந்தத் தடவை எழுந்து உள்ளே போகவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "பரவால்ல தம்பி. அடுத்த வருஷம் மறக்காம கேளுங்க" என்றார்.

"கேக்கறேன் சார்" என்றேன்.

அடுத்த வருடம் நான் போனபோது துரை போய்ச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. பாரத்தை விரித்து, பேர், மதிப்பு எல்லாம் எழுதினேன். பிறகு, ஓட்டுறவங்க பட்டியல்ல மாத்தம் உண்டாக்கா என்று கேட்டேன். அக்கா எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. மாற்றம் இல்லை என்று நானே எழுதிக்கொண்டேன்.